பெரியப்பாவின் சோடா மெஷின்

பதுளைக் கடைவீதியில் முதன்முதலாக ஒரு முழுப் போத்தல் சோடாவைத் தனியாகக் குடித்து, மூக்கு வழியாகக் காற்றுவிட்ட பெண்பிள்ளை நான்தான். என் பேரப்பிள்ளைகள் இதை நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அன்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை என்பதால், நான் சொல்வதுதான் சரித்திரம்.

அந்தக் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து சோடா மெஷின் மாட்டு வண்டியில் வந்தது. வைக்கோலும் சாக்கும் சுற்றி, கலியாணப் பெண்ணை இறக்குவதுபோல் மெதுவாக இறக்கினார்கள். சாக்கைப் பிரித்தால் ஒரு இரும்புக் கூண்டு, ஒரு கைப்பிடி, ஒரு சிலிண்டர். கூண்டுக்குள் போத்தலைத் தலைகீழாக வைத்துச் சுற்றினால் உள்ளே காற்று ஏறும், கோலி போய் வாயை அடைத்துக்கொள்ளும். முதல் போத்தல் 'டொப்' என்று திறந்தபோது பக்கத்துக் கடைப் பூனை ஓடியது. அது இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

பெரியப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் ஒரு மூட்டையோடு தோணி ஏறி, நடந்து வந்தவர். நான் பார்க்கும்போது கம்பளி, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் விற்கும் பெரிய கடை வைத்திருந்தார். கடைவீதியில் சண்டை வந்தாலும் சம்பந்தம் பேசினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருந்த ஜனங்களுக்குத் துரையிடம் ஏதாவது ஆக வேண்டுமென்றால், கங்காணியை விட்டுவிட்டு அவரிடம் வருவார்கள். தேர்த் திருவிழாவில் கோயில் பரிவட்டம் வருஷா வருஷம் அவர் தலையில்தான் ஏறும். அப்படிப்பட்டவர் கையில் இருந்ததை எல்லாம் இந்த மெஷினில் போட்டுவிட்டார். தன் வளையல்களும் அதற்குள் போய்விட்டதாகப் பெரியம்மா சொன்னாள். நான் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினேன். காணவில்லை.

தேரன்று கடை வாசலில் மெஷினை வைப்பது, பெரிய மனிதர்களுக்கு முதலில் கொடுப்பது, அவர்கள் குடித்ததைப் பார்த்து ஊரே குடிப்பது. இதுதான் பெரியப்பாவின் திட்டம். பசறை, லுணுகலை, தெமோதரைத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வரும் நாள். அன்று ஊர் குடித்துவிட்டால் மெஷின் பிழைக்கும், இல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் போண்டி என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு வேண்டியது சோடா இல்லை, கோலி. ஒரு போத்தலின் கோலிக்குள் கடுகளவு காற்றுக் குமிழி ஒன்று இருந்தது. வாரம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போத்தலை உடைத்தால்தான் கோலி வெளியே வரும். உடைக்கிற பேச்சே இருக்கக்கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தேரன்று காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் பெஞ்சு போட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜவுளிக்கடைக்காரர். முதல் போத்தல் அவருக்கு. பெரியப்பா அதைத் திறந்த நேரம் பார்த்து, தெமோதரைப் பக்கத்திலிருந்து விடியமுன் தப்பு மேளம் அடித்துக்கொண்டே நடந்து வந்த கூட்டம் கடை முன்னால் நின்றது. அதில் மூத்தவர் தப்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் கேட்டார்.

எங்கள் கடையின் பின்பக்கம் ஆணியில் தேங்காய்ச் சிரட்டைகள் தொங்கும். தப்படிப்பவர்களுக்கு அதில்தான் தண்ணீர், அதுவும் எட்ட நின்று ஊற்றுவது. அது ஏதோ விசேஷ மரியாதை என்று நினைத்து, எனக்கும் சிரட்டையில்தான் தண்ணீர் வேண்டும் என்று ஒருமுறை அடம்பிடித்துப் பெரியம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். தேரன்றும் கடையாள் சிரட்டை எடுக்க ஓடினான். பெரியப்பா அதுவரை காத்திருக்கவில்லை. கையிலிருந்த போத்தலை அப்படியே நீட்டினார்.

"வேணாங்க சாமி," என்றார் பெரியவர்.

"குடிங்கண்ணே."

அவர் பழக்கப்படி அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிப் பார்த்தார். உயர்த்தியதும் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துக்கொண்டது. மறுபடியும் அதே கதை. எனக்கு ஒரே சிரிப்பு. பெரியப்பா குனிந்து, வாய் வைத்துக் குடித்தால்தான் வரும் என்று சொல்லிக்கொடுத்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்துக் குடித்தார். கடைசியில் ஒரு ஏப்பம் விட்டார் பாருங்கள், அதற்கே ஒரு தேர் இழுக்கலாம். அது குமிழிக் கோலி போத்தல் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர்தான் பேசினார்.

"ஒரு போத்தல்தானே, ஒடைச்சுப் போட்டுடுங்க. நாங்க ஒண்ணும் பேசல."

என் நெஞ்சு துள்ளியது. உடைக்கப் போகிறார்கள்! பெரியப்பா போத்தலைப் பார்த்தார், ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு காலிப் போத்தல்கள் மிதந்த தொட்டித் தண்ணீருக்குள் அதை விட்டு, கையால் நன்றாகக் கலக்கினார்.

"எதுன்னு காட்டுங்க, ஒடைச்சிர்றேன்."

ஒருவருக்கும் காட்டத் தெரியவில்லை. எல்லாம் ஒரே பச்சைக் கண்ணாடி. பெரியப்பாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கோ பொறுக்கவில்லை.

"எனக்குத் தெரியும் பெரியப்பா," என்று தொட்டிக்குள் கைவிட்டுச் சரியாக எடுத்து நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. ஒரு நிமிஷம் திகைத்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். என் தலையைத் தடவி, போத்தலை வாங்கிக் கூண்டில் வைத்துச் சுற்றினார். 'டொப்' என்று திறந்து, வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப இது நான் குடிச்ச போத்தல். ஒடைச்சிரலாமா?"

ஜவுளிக்கடைக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். பெஞ்சு காலியாகிவிட்டது. சும்மா கொடுக்கிற சோடாவை விட்டுவிட்டுப் போகும் அசட்டு மனிதர்கள் என்று நினைத்தேன். நமக்கு மிச்சம் என்று சந்தோஷமும் பட்டேன்.

பிறகு கம்பளி போர்த்திய தோட்டத்துப் பெண் ஒருத்தி முன்னால் வந்து, "எனக்கொண்ணு குடுங்க மொதலாளி," என்று கை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் அவள் லயமே வந்தது. அவர்களுக்குப் பின்னால் பசறைக் கூட்டம். சாயங்காலம் வரை மெஷின் நிற்கவில்லை. நானும் கைப்பிடி சுற்றினேன். கோலி கிடைக்காத குறைக்குப் பெரியப்பா அந்தக் குமிழிப் போத்தலை நிரப்பி எனக்கே எனக்கென்று கொடுத்தார். மூக்கில் ஏறிய அந்தக் காரத்தை என்னவென்று சொல்வது! அன்றைக்கு உலகத்திலேயே நான்தான் ராணி.

இருட்டும் நேரத்தில் தேர் அசைந்தது. பெரியம்மா என்னைக் கடை பெஞ்சில் ஏற்றி நிறுத்தினாள். பரிவட்டம் ஜவுளிக்கடைக்காரர் தலையில் இருந்தது. பெரியப்பாவைத் தேரைச் சுற்றித் தேடினேன், அங்கே இல்லை. எல்லாருக்கும் முன்னால், தீவட்டி வெளிச்சத்தில், தப்படிப்பவர்கள் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெரியவர், அடியென்றால் அப்படி ஒரு அடி.

பரிவட்டம் கட்டிக்கொண்டால் தேரோடு விறைப்பாக நடக்க வேண்டும். அந்தத் தொல்லையை இந்த வருஷம் யார் தலையிலோ கட்டிவிட்டு, சத்தம் நெஞ்சில் இடிக்கிற முதல் இடத்தைப் பெரியப்பா சாமர்த்தியமாகப் பிடித்துவிட்டார் என்று எனக்குப் பொறாமை தாங்கவில்லை. என்னையும் அங்கே கூட்டிப்போயிருக்கலாமே என்று பெரியம்மாவிடம் சண்டை பிடித்தேன். அவள் வளையல் இல்லாத கையால் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.