பேட்டிங் சைடு அம்பயர்

அம்பயர் வேலைங்கறது வெயில்ல நின்னுக்கிட்டே ரெண்டு டீமு கிட்டயும் திட்டு வாங்குற உத்தியோகம். எங்க லீக்குல கூடுதலா ஒரு வசதி, சொந்த டீமுதான் மொதல்ல திட்டும்.

விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னாடி இருக்குற மைதானத்துல ஞாயித்துக்கெழமயில டென்னிஸ் பால் மேட்ச்சு நடக்கும். பத்து ஓவரு. வெளியிலேர்ந்து அம்பயர் யாரும் வர மாட்டாங்க. பேட்டிங் ஆடுற டீமே தன் ஆளுங்கள்ல ரெண்டு பேர நிறுத்திக்கணும், அதான் எங்க சட்டம். இந்தச் சட்டத்தால எல்பிடபிள்யூங்கறதே எங்க ஊர்ல கெடையாது. இருந்துதுன்னா வாரா வாரம் மண்டை ஒடஞ்சிருக்கும்.

யாரு அம்பயரா நிக்கறது? அவுட்டானவன் கோவத்துல இருப்பான். அடுத்து எறங்குறவன் கையக் கால ஒதறிக்கிட்டு இருப்பான். மிச்சம் பதினோராவது ஆளுதான். அதாவது நானு. படிக்கிற நீங்களும் எந்த டீம்லயாவது பதினோராவது ஆளா இருந்திருந்தீங்கன்னா வாங்க, நீங்க நம்ம கட்சி. நாலு சீசனா லீக்குல இருக்கேன், கடைசி மேட்ச்சு வரைக்கும் ஒரு பந்து கூட பேட் புடிச்சு ஆடுனதில்ல. ஆடணும். ஒரே ஒரு பந்தாவது ஆடிப்புடணும். அப்ப எனக்கு வேற ஆசையே கெடையாது.

வெள்ளத் தொப்பி

நமக்குப் பொழப்பு பீங்கான் கம்பெனியில செக்கிங். கரண்டு போர்டுல மாட்டுற வெள்ள ஃபியூஸ் இருக்குது பாருங்க, அது சூளையிலேர்ந்து வந்ததும் ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாப்பேன். நல்ல பீஸுன்னா டிங்குனு கேக்கும். உள்ளாற முடி அளவு கீறல் இருந்தாக்கூட டொக்குனு காட்டிக் குடுத்துடும். நாள் பூரா தட்டித் தட்டிப் பழகுன காது இது.

எங்க டீமு கேப்டன் முருகவேலு அதே கம்பெனியில சூளை பாக்குறவரு. என் வூட்டுக்காரி செல்விக்குக் கூடப் பொறந்த அண்ணன். தங்கச்சி புருசங்கற மரியாதைக்கு என்ன வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. எவ்வளவு கோவம் வந்தாலும் அந்த 'ங்க' மட்டும் போவாது. மொத மேட்ச்சுக்கு நான் புது ஷூவெல்லாம் போட்டுக்கிட்டுப் போயி நின்னேன். மனுசன் ஒரு வெள்ளத் தொப்பியக் கொண்டாந்து என் தலையில கவுத்துட்டாரு. "மாப்ள, ஒங்களுக்கு நல்ல காது. நீங்க அம்பயரா நில்லுங்க. கடைசி ஆளுதானே, அது வரைக்கும் சும்மா உக்காந்து என்னா பண்ணப் போறீங்க?"

ஏழாவது பந்து

பந்து எண்ணுறதுக்குப் பெரிய அம்பயருங்க கையில ஏதோ மிஷினு வெச்சிருப்பாங்களாம். நான் கம்பெனியில கழிச்சுப் போட்ட சின்ன பீங்கான் துண்டு ஆறு எடுத்து வலது பாக்கெட்டுல போட்டுக்குவேன். ஒரு பந்து போட்டா ஒரு துண்டு எடது பாக்கெட்டுக்கு மாறும். வலது காலியானா ஓவரு முடிஞ்சுது. இதுல என்னா தப்பு வந்துடப் போவுதுன்னு நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பெண்ணாடம் டீமோட மேட்ச்சு. ஓவருக்கு நடுவுல ஒரு ரன் அவுட்டு அப்பீலுக்கு வுழுந்தடிச்சு ஓடுனேன். அப்பறம் கடைசிப் பந்துன்னு நான் கை காட்டுன பந்துல நம்ம மச்சான் அடிச்சாரு பாருங்க ஒரு சிக்ஸரு, ரயில்வே காம்பவுண்டத் தாண்டிப் போயிடுச்சு! எங்காளுங்க குதிக்கிறானுங்க, விசிலு காதப் பொளக்குது. அவங்க கேப்டன் மட்டும் நேரா எங்கிட்ட வந்தாரு. கரும்பு போடுற விவசாயி, மேட்ச்சுக்கு டிராக்டர்லதான் வருவாரு. "அது ஏழாவது பந்துங்க"ன்னாரு. "ஆறுதாங்க"ன்னு நான் தெனாவட்டா எடது பாக்கெட்ட உள்ளங்கையில கொட்டிக் காட்டுனேன். ஏழு துண்டு இருக்குது! ஓடுன ஓட்டத்துல ஒண்ணு ரெண்டா ஒடஞ்சிருக்குது. ஊருக்கெல்லாம் கீறல் கண்டுபுடிச்சுக் குடுக்குறவன் பாக்கெட்டுலயே கீறல் வுட்ட பீஸு. சிக்ஸரு கேன்சலு. மச்சான் இருந்த பக்கம் நான் திரும்பவேயில்ல. அந்தக் கரும்புக்காரரு ரெண்டு துண்டையும் பொருத்திப் பாத்துட்டு நிதானமாச் சொன்னாரு: "நீங்க தட்டிப் பாத்து அனுப்புன ஃபியூஸுதாங்க எங்க மோட்டார் கொட்டாயில இருக்குது. மொதல்ல போயி அதக் கழட்டிப் போடணும்."

என் பேட்டு

ரெண்டாவது சீசன்ல கடைத்தெருவுல நானே ஒரு பேட்டு வாங்குனேன். சொந்தமா பேட்டு வெச்சிருக்குறவன ஆட வுடாமலா இருந்துடுவாங்கன்னு ஒரு நப்பாசை. நல்ல பேட்டு, பட்டா கும்முனு போவும். அதான் வெனையாப் போச்சு. ஓப்பனிங் எறங்குற மச்சான் அதத்தான் கேப்பாரு. அவரு அவுட்டானா அடுத்து வர்றவன் அவரு கையிலேர்ந்தே வாங்கிக்குவான். அந்த பேட்டு மூணு தடவ அம்பது அடிச்சிருக்குது. நான் எதுர்ல நின்னு பௌண்டரிக்குக் கை ஆட்டிக்கிட்டு இருந்தேன்.

சாயங்காலம் அதத் தோள்ல போட்டுக்கிட்டு வூட்டுக்கு வருவேன். செல்வி வாசல்லயே நின்னு "இன்னிக்காச்சும் ஆடுனீங்களா?"ம்பா. இல்லம்பேன். ஒரு நாளு அந்த பேட்ட வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. கேலியெல்லாம் இல்ல, ரொம்ப சாதாரணமாச் சொன்னா: "இத எங்கிட்டயாவது குடுத்திருந்தீங்கன்னா நாலு போர்வ தொவச்சிருப்பேன்."

சிக்னல்ல நின்ன ரயிலு

மைதானத்த ஒட்டியே தண்டவாளம். பிளாட்பாரம் காலியில்லன்னா பாசஞ்சர் ரயிலு சிக்னல் கிட்டயே நின்னுடும். நின்னா எங்களுக்கு ஓசியில கூட்டம். ஜன்னலுக்கு ஜன்னல் தலைய நீட்டிக்கிட்டு மேட்ச்சு பாப்பாங்க. அன்னிக்கி அப்படி ஒரு ரயிலு நிக்குது. எங்க டீமு கொமாரு, ஆட்டோ ஓட்டுற பையன், பேட் புடிச்சுக்கிட்டு இருக்கான். பௌலரு கையச் சுத்துற நேரம் பாத்து ரயிலு ஆரன் அடிச்சுது. பந்து பேட்டுல பட்டுச்சோ இல்லையோ, கீப்பரு கைக்குப் போச்சு. அப்பீலு! என் காது என்னா காதா இருந்தாலும், அந்த ஆரன்ல பக்கத்துல வெடி வெச்சாக்கூட கேக்காது. "எனக்குக் கேக்கல, நாட் அவுட்டு"ன்னேன். கேட்டாத்தானே குடுக்க முடியும்?

ரயிலே கொந்தளிச்சுப் போச்சுங்க. "அவுட்டு, அவுட்டு"ன்னு பொட்டிக்குப் பொட்டி கூப்பாடு. ரெண்டு டீமும் சண்டைய வுட்டுட்டு ரயிலையே பாக்குறோம். அப்பப் பாத்து அது நகர ஆரம்பிச்சுது. மெதுவா எங்களத் தாண்டிப் போவுது, ஒவ்வொரு ஜன்னல்லேர்ந்தும் ஒரு வெரலு மேல தூக்கியிருக்குது! எனக்கு சிரிப்பு ஒரு பக்கம், வெக்கம் ஒரு பக்கம். கடைசிப் பொட்டி படிக்கட்டுல நின்னுக்கிட்டு இருந்த ஒருத்தரு என்னப் பாத்துக் கெஞ்சாத கொறையாக் கத்திக்கிட்டே போனாரு: "ஏம்ப்பா தொப்பி, நான் சேலம் வரைக்கும் போவணும். இத நாட் அவுட்டுன்னுட்டா வழியெல்லாம் எனக்கு மனசு ஆறாதுப்பா!"

வெரலுக்கு வந்த ஆச

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன், எங்க டீமுல யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க. பதினோராவது ஆள அம்பயரா நிறுத்துறது எவ்வளவு ஆபத்துன்னு எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தோணல. யோசிச்சுப் பாருங்க. நான் வெரலத் தூக்குனா எங்காளு ஒருத்தன் வெளிய போவான். ஒம்பது பேரு வெளிய போனா என் முறை வந்துடும்! ஏழு விக்கெட்டு வுழுந்தாலே எனக்கு நெஞ்சு திக்கு திக்குனு அடிச்சுக்கும். எட்டுன்னா வெரலு தானா நமநமங்கும். அதனால எட்டு வுழுந்ததுக்கு அப்பறம் யாரு எதுக்கு அப்பீல் பண்ணாலும், எனக்கு நானே பயந்துக்கிட்டு நாட் அவுட்டுன்னுடுவேன்.

ஒரு மேட்ச்சுல எட்டு போயிடுச்சு. நம்ம கொமாரு ரெண்டாவது ரன்னுக்கு என் பக்கம் ஓடி வந்தவன் பாதி பிட்சுலயே வழுக்கி வுழுந்துட்டான். பௌலரு பந்த வாங்கி, ஸ்டம்பத் தட்டி, கையத் தொடச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் எங்கயோ பாத்துக்கிட்டு "நாட் அவுட்டு!"ன்னேன். முட்டியில ஒட்டுன மண்ணத் தட்டிக்கிட்டே வெளிய போயிக்கிட்டு இருந்த கொமாரு திரும்பிப் பாத்துப் பரிதாபமாக் கேட்டான்: "அண்ணே, நானே ஒத்துக்கிட்டு கெளம்பிட்டேன். என்ன எங்கண்ணே திரும்பி வரச் சொல்றீங்க?"

மச்சான் அவுட்டு

இந்த சீசன்ல பைனலுக்கு வந்துட்டோம்! எங்க டீமுக்கு இதான் மொத பைனலு. எதுர்ல திட்டக்குடி பக்கத்து மங்களூர்க்காரங்க. அவங்க எழுவத்தி மூணு அடிச்சுட்டாங்க, எங்களுக்கு எழுவத்தி நாலு வேணும். மைதானத்தச் சுத்தி ஆட்டோவா நிக்குது, கம்பெனி ஆளுங்க ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நிக்கிறானுங்க. மச்சான் என் பேட்டப் புடிச்சுக்கிட்டு ஒத்த ஆளா முப்பத்தெட்டு அடிச்சிருந்தாரு. ஏழு விக்கெட்டு போயாச்சு. பத்து பந்துல பதிமூணு ரன்னு வேணும். அவரு நின்னா ஜெயிச்சுடலாம்.

மங்களூர் பௌலரு அடுத்த பந்த வீசுனாரு. கீப்பரு புடிச்சாரு. பதினோரு பேரும் என் மேல பாயிறாப்புல அப்பீலு. எனக்கு டொக்குனு ஒரு சத்தம், ரொம்பச் சின்னதா. ஆனா கேட்டுச்சு. சத்தியமாக் கேட்டுச்சு. வெரலத் தூக்கிட்டேன். தூக்குன அந்த நொடியில மனசு ஒரு மூலையில 'இன்னும் ஒண்ணுதான்'னு குதிச்சுது பாருங்க, எனக்கே தூக்கிவாரிப் போட்டுது. நெசமாவே கேட்டுச்சா, இல்ல கேக்கணும்னு நான் ஆசப்பட்டனா? மச்சான் என் கிட்ட வந்து நின்னாரு. கண்ணு செவந்து கெடக்குது. மரியாத மட்டும் கொறையல: "பேட் புடிக்கணும்னு ஆசையா இருந்தா எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ங்க மாப்ள. இதுக்கு எதுக்குங்க என்னக் காவு குடுத்தீங்க?"

மூணு பந்து பாக்கி

அந்தப் பேச்சு நெஞ்சுல அப்படியே நின்னு போச்சு. இங்க கொமாரு ஒரு சிக்ஸரு அடிச்சான், ஒரு ரன்னு ஓடுனான். கடைசி ஓவரு மூணாவது பந்துல அவன் கூட ஆடுனவன் போல்டு. ஒம்பது விக்கெட்டு! மூணு பந்து பாக்கி, ஆறு ரன்னு வேணும், எறங்க வேண்டியது நானு. நாலு சீசனு காத்துக் கெடந்த நானு! தொப்பிய வாங்கிக்க ஒருத்தனும் கிட்ட வரல. மச்சானே எழுந்து, போல்டானவன் கையிலேர்ந்து என் பேட்ட வாங்கிக்கிட்டு வந்தாரு. நான் தொப்பியக் குடுத்தேன், அவரு பேட்டக் குடுத்தாரு.

மொத பந்து. பௌலரு ஓடி வரான். கண்ண மூடலைங்க, சத்தியமா மூடல. ஒரே சுத்து! பந்து மிட் விக்கெட்டுக்கு மேல பறந்து, ஒரு குத்து குத்தி, கயித்தத் தாண்டிப் போயிடுச்சு. ஃபோரு! ஐயோ, ஃபோருங்க! ஆட்டோ அத்தனையும் ஆரன் அடிக்குது. மச்சான் மட்டும் வெறப்பா நின்னுக்கிட்டு பௌண்டரிக்குக் கைய ஆட்டுனாரு.

ரெண்டு பந்து, ரெண்டு ரன்னு. அடுத்ததையும் அதே மாதிரி சுத்துனேன். பந்து கீப்பரு கையில. மங்களூர்க்காரங்க கத்துறாங்க. மச்சான் நாட் அவுட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுது, இன்னும் ஒரு பந்து எனக்கு இருக்குது. மனுசன் கையப் பின்னால கட்டிக்கிட்டு எங்கிட்டயே கேட்டாரு: "எனக்கு ஒண்ணும் கேக்கல மாப்ள. ஒங்க காதுக்குக் கேட்டுச்சுங்களா?"

வெளியிலேர்ந்து எங்காளுங்க "இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லு"ன்னு அலறுறானுங்க. அந்தப் பக்கம் கொமாரு கையெடுத்துக் கும்புடுறான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஏன்னா கேட்டுச்சுங்க. அதே பேட்டு, அதே டொக்கு. கேக்கவே கூடாதுன்னு நான் ஆசப்பட்டும் கேட்டுச்சே, அப்ப மொதல்ல கேட்டதும் நெசந்தான்! பைனலு கையவிட்டுப் போற அந்த நேரத்துலயும் எனக்குள்ள ஒரு சந்தோசம் பொங்குச்சு பாருங்க. "கேட்டுச்சு மச்சான்"ன்னேன். அவரு வெரலத் தூக்குனாரு. ஒத்த ரன்னுல தோத்தோம்.

டீமு மொத்தமும் என்ன அடிக்க ஓடி வந்துச்சு. மச்சான் குறுக்க வந்து நின்னாரு. என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்குறாப்புல சத்தமாச் சொன்னாரு: "வுடுங்கடா! அப்பன்னா என்னுதும் பட்டுத்தான்டா இருக்கும்."

நாலு சீசன்ல நான் சொன்ன தீர்ப்புங்கள்ல, ரெண்டு டீமும் சரின்னு ஒத்துக்கிட்டது எனக்கு நானே குடுத்துக்கிட்ட அந்த ஒரு அவுட்டு மட்டுந்தாங்க.