டோரிஸ் பாலை விட்ட தவக்காலம்

கிள்ளானில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்காரி டோரிஸ். கணவர் லியோனல் இறந்ததும், அவர் ஓட்டிய பள்ளிக்கூட வேனை இவளே ஓட்டத் தொடங்கினாள். பந்திங் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதுவரை மோட்டார் சைக்கிள்தான் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளையையும் தாமதமாக இறக்கிவிட்டதில்லை. பிடிவாதத்திலும் ஒன்றும் குறைவில்லை.

இந்த ஆண்டு அவளுக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. இதயத்துச் செல்களுக்குள் கால்சியம் அதிகமாகப் போவதால்தான் நாடி இப்படி ஓடுகிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஈஸ்டர் முடிந்ததும் வேன் லைசென்ஸுக்கு மருத்துவச் சான்று வாங்க வேண்டும். நாடி அடங்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அத்தனையிலும் டோரிஸுக்குப் பிடிபட்டது கால்சியம் ஒன்றுதான். மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். மற்றவர்கள் இறைச்சியை விட்டார்கள். இவள் கால்சியம் இருக்கிறதென்று பால், தயிர், நெத்திலி மூன்றையும் விட்டாள். நேர்ந்துகொண்ட பிறகு மாத்திரையும் சாப்பிட்டால் ஆண்டவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம்; அது அலமாரிக்குள் போனது. இது தெரியாமல் கோயிலில் எல்லோரும் அவள் வைராக்கியத்தை மெச்சினோம். நானும் மெச்சினேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் வாரம், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நெஞ்சு அடித்த அடியில் வேனை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தாள். கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நாடி நூற்றுப் பதினெட்டு. நடந்ததைக் கேட்ட டாக்டர் அவளை மருந்தாளர் விமலனிடம் அனுப்பினார். விமலன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

“ஆன்டி, நீங்க பால் குடிக்காட்டி உடம்பு எலும்புலேருந்து எடுத்து ரத்தத்துக்குக் குடுத்துடும். ரத்தத்துல கால்சியம் அப்படியேதான் இருக்கும் லா. செல்லுக்கு ஒரு கதவு இருக்கு. அது வழியா கால்சியம் உள்ள போனாத்தான் இதயம் துடிக்கும். பயந்தா உடம்புல ஊறுற அட்ரினலின் வந்து, ‘நல்லா திற’ன்னு ஆர்டர் போடுது. இந்த மாத்திரை முன்னாடியே போய் அட்ரினலினோட சீட்ல உக்காந்துக்கும். ஆர்டர் கதவுக்குப் போய்ச் சேராது.”

சீட் விவகாரம் டோரிஸுக்குச் சொல்லியா தர வேண்டும்? தினமும் வேனில் அந்தச் சண்டையைத்தானே தீர்த்து வைக்கிறாள். ஆனாலும் நேர்ச்சை என்னாவது என்று இழுத்தாள்.

“நேர்ச்சையக் காப்பாத்துங்க ஆன்டி. மாத்திரையையும் சாப்பிடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.”

அன்றே மாத்திரையைத் தொடங்கினாள். ஈஸ்டர்வரை பாலையும் தொடவில்லை. பால் குடி என்று நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

சான்று வாங்கும் நாளில் நானும் போனேன். லைசென்ஸ் போய்விட்டால் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். எழுபத்தாறு என்றார்.

டோரிஸ் நம்பவில்லை. “இன்னொரு தடவ எண்ணுங்க டாக்டர். நான் பயந்துகிட்டுத்தான் இருக்கேன்.”

மறுபடியும் எண்ணினார். எழுபத்தாறுதான். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை விடியுமுன் அவள் வேன் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. படுக்கையில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்.