ஐந்தாவது பார்கோடு

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், ஸ்டேப்ளருக்கும் பழைய பேட்டரிகளுக்கும் அடியில் ஒரு அட்டை கிடக்கிறது. வெள்ளைத்தாளில் மேலிருந்து கீழாக ஐந்து பார்கோடுகள் அச்சடித்து லேமினேட் செய்தது. தூத்துக்குடியின் உப்புக்காற்று ஓரங்களுக்குள் புகுந்து பழுப்பேற்றியிருக்கிறது. ஐந்தாவது பார்கோடின் பக்கத்தில் நீல மையில் "இதை மட்டும் ஸ்கேன் செய்யவும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கும். கையெழுத்து எங்கள் கம்ப்யூட்டர்களையும் மெஷின்களையும் பார்த்துக்கொண்ட சிஸ்டம்ஸ் சாருடையது. எழுதிய பிறகுதான் லேமினேஷனுக்குக் கொடுத்தார். அதனால் அதை யாராலும் அழிக்க முடியாது.

அந்த சார் இந்த மாதம் பணி ஓய்வு பெறுகிறார். அவரைப் பாராட்டி ஒரு சிறப்பு மலர் அச்சிடுகிறார்களாம். "மேடம், ஆரம்பத்துல சார்கூட வேலை பாத்தது நீங்கதானே. அவரோட எளிமையப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள். எளிமையாம். அந்தப் பெண் மேல் தப்பில்லை, அவள் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருடம்தான் ஆகிறது. ஓய்வு பெறுகிறவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். அந்த மனிதருக்குக் கொடுக்க என்னிடம் அந்த மரியாதை இல்லை. அதனால் அவர்கள் அச்சிட முடியாத ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

துறைமுகச் சாலையில் இருந்த பஞ்சு குடோனில் அப்போது எனக்கு வேலை. கப்பலில் வரும் பஞ்சு பேல் பேலாக, இறுக்கிக் கட்டிய பொதிகளாக எங்களிடம் இறங்கி, லாரிகளில் நூல் மில்களுக்குப் போகும். ஏறுவதையும் இறங்குவதையும் குறித்துக்கொள்வது என் வேலை. சார் சாத்தான்குளத்துப் பக்கம், குடும்பமே வாத்தியார்கள். முதலாளியிடம் பேசினால் ஆங்கிலம் ஆறாக ஓடும். எங்களிடம் திரும்பினால் "ஏளா, இங்கன வா" என்பார். எங்கள் தெருவில் எல்லாரும் என்னை ஏளா என்றுதான் கூப்பிடுவார்கள், ஒருநாளும் உறைத்ததில்லை. அவர் சொன்னால் உடம்பெல்லாம் எரியும். என் அப்பா கடலுக்குப் போகிறவர் என்று தெரிந்த நாளிலிருந்து, நான் பக்கத்தில் போனாலே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்வார். "கடற்கரைப் பிள்ளைக்கு மெஷின் வேலையெல்லாம் படியுமா?" என்று என்னை எதிரில் வைத்துக்கொண்டே மேனேஜரிடம் கேட்டார். படிந்தது, அவரைவிட நன்றாகவே படிந்தது.

அந்த மெஷின்கள் ஐந்து வந்தன. கைபேசியைப் போல ஒரு திரை, அதற்கு அடியில் துப்பாக்கியைப் போல ஒரு பிடி, பிடியில் ஒரு விசை. ஆர்எஃப்ஐடி கருவி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நாங்கள் 'கன்' என்றுதான் சொன்னோம். ஒவ்வொரு பேலிலும் ஒரு டேக் ஒட்டியிருக்கும். விசையை அழுத்தினால் கன் ரேடியோ அலையில் குரல் கொடுக்கும், டேக்குகள் தத்தம் எண்ணைச் சொல்லும், திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை விழும். பார்கோடைப் போலக் கண்ணுக்கு நேரே காட்ட வேண்டியதில்லை, பஞ்சைத் துளைத்துக்கொண்டே கேட்கும். சார் முதல் கன்னை என் பெயரில், என் பாஸ்வேர்டில் அமைத்தார். மற்ற நாலையும் தனித்தனியாக அமைக்கச் சோம்பல்பட்டு, முதல் கன்னில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்துப் போட்டுவிட்டார். ஐந்து கன்னும் என் பெயரில் ஓடின. குடோனில் யார் எதைத் தொட்டாலும் நான் தொட்டதாகப் பதிவாகும். "எல்லாருக்கும் தனித்தனியா வேண்டாமா சார்?" என்று கேட்டேன். "நீ என்ன கலெக்டரா, ஒம் பேர வச்சு என்ன கெட்டுப்போவுது?" என்றார்.

கன்னின் குரலைக் கூட்டலாம், குறைக்கலாம். குறைத்து வைத்தால் நாலடிக்குள் இருப்பதுதான் கேட்கும். வரிசை வரிசையாக நடந்து எண்ண வேண்டும், ஒரு மணி நேரம் பிடிக்கும். முழுதாகக் கூட்டினால் வாசலில் நின்றபடியே பாதி குடோனைக் கேட்டுவிடும். முதலாளிக்குச் செய்து காட்டிய அன்று சார் முழுதாகக் கூட்டினார். பட்டியலில் இல்லாத டேக் ஏதாவது காதில் விழுந்தால் கன் கீச்சென்று கத்தும். முதலாளி முன்னால் அது அசிங்கம் என்று அந்தக் கத்தலையும் அடைத்துவிட்டார். வாசலில் நின்று, கையை ஒரு வீசு வீசி, ஐந்தே நிமிடத்தில் எண்ணி முடித்தார். முதலாளி கைதட்டினார். "சிஸ்டம் பொய் சொல்லாது சார்" என்று அவர் முதன்முதலாகச் சொன்னது அன்றுதான். பிறகு அதையே மூச்சுக்கு மூச்சு சொன்னார்.

மறுநாள் அட்டையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். அதில் ஒரு பார்கோடைக் கன்னால் ஸ்கேன் செய்தால் கன்னின் அமைப்பு அதற்கேற்ப மாறும். நாலாவது பார்கோடு குரலைக் குறைத்து, கத்தலைத் திறந்துவிடும். ஐந்தாவது முழுக் குரல், கத்தல் கிடையாது. ஐந்தாவதை மட்டும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று எழுத்திலேயே உத்தரவு. "சார், லாரிக்குப் பின்னால கெடக்க பேலையும் சேத்துப் படிக்குது" என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை, ஹார்பரில் மீன்கூடை எண்ணும் வேலை காலியாக இருக்கிறதாம், போகிறாயா என்று கேட்டார். எங்கள் லோடுமேன்கள் பேல் ஏற்றும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று பாட்டாகச் சொல்லிக்கொண்டே ஏற்றுவார்கள். மெஷின் எண்ணும்போது என்ன கூப்பாடு என்று அதை நிறுத்தினார். லாரியை எடைமேடைக்கு அனுப்பும் வழக்கத்தையும் வீண் வேலை என்று நிறுத்தினார்.

ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு டிரைவர் அண்ணாச்சி வருவார். சொந்த லாரி, எங்கள் குடோனின் நிரந்தர வண்டி. அதிகம் பேச மாட்டார். வண்டியைச் சுற்றி வந்து எல்லா டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ஒருநாள் அவருக்கு அறுபது பேல் லோடு. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே என் திரையில் அறுபதும் பச்சை ஆகிவிட்டது. போதும் என்று கையைக் காட்டினேன், லோடுமேன்கள் பின்கதவைச் சாத்தித் தார்ப்பாயைக் கட்டினார்கள். அண்ணாச்சி குனிந்து, பாரத்துக்குத் தாழும் சக்கரத்து வில்பட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, பட்டை எறங்கலியே. வண்டி லேசா நிக்காப்ல தெரியுது. இன்னொரு தடவை எண்ணிப் பாப்பமா?" என்றார். பின்னால் இரண்டு லாரி காத்துக்கொண்டிருந்தது. சார் அலுவலகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டம் பொய் சொல்லாது அண்ணாச்சி" என்றேன். அவர் ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மில்லில் இறங்கியது ஐம்பத்திரண்டு. எட்டு பேல் எங்கே என்று போன் வந்தது. எங்கள் பதிவில் அறுபதும் ஏறியிருக்கிறது, அறுபதுக்குக் கையெழுத்தும் இருக்கிறது. வழியில் விற்றுவிட்டார் என்று ஒரே மணி நேரத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை அண்ணாச்சி காலி வண்டியோடு குடோனுக்கு வந்தார். முதலாளியின் அறை வாசலில் மத்தியானம் வரை நின்றார். உள்ளே கூப்பிடவே இல்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, "நீயும் பாத்துக்கிட்டுதான தங்கச்சி நின்ன. நான் எடுத்திருப்பேன்னு நெனைக்கியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் போன பிறகு நான் அட்டையின் முன் போய் நின்றேன். நாலாவது பார்கோடை ஸ்கேன் செய்தேன். குரல் குறைந்த கன்னோடு வரிசை வரிசையாக நடந்தேன். ஏற்றும் மேடையை ஒட்டிய தூணுக்குப் பின்னால், அடுத்த லாரிக்கு இடம் விட வேறொரு மில்லின் பேல்களோடு சேர்த்துத் தள்ளி வைத்திருந்த இடத்தில் கன் கத்தியது. எட்டு முறை கத்தியது. லாரிக்குப் பின்னால் மேடையில் கிடந்தவற்றைத்தான் ஏறியதாகக் காட்டியிருக்கிறது. அவை போய்விட்டதாகப் பதிவானதால் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாததற்குக் கத்தாதே என்று சார் வாயை அடைத்து வைத்திருந்ததால், அந்த எட்டும் கண்ணெதிரே கிடந்தும் எந்தக் கன்னுக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போயிருக்க வேண்டும். நான் சாரிடம் போனேன். சார் வந்து பேல்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "நல்ல வேலை பாத்திருக்க. யார்ட்டயும் மூச்சு விடாத. மொதலாளிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். நானும் நம்பி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை திரையைத் திறந்தால், எட்டு பேலுக்கும் நேரே 'லாரியில் திரும்பி வந்தவை' என்று பதிவாகியிருந்தது. லாரி எண் அண்ணாச்சியுடையது. நேரம், அவர் காலி வண்டியோடு வந்து போன நேரம். கேட்டில் வாட்ச்மேன் எழுதும் புத்தகத்திலும் அவர் வந்து போனது இருக்கிறது, கச்சிதமாகப் பொருந்தியது. பதிவு செய்தவர் பெயர் என்னுடையது. திருடியவன் பயந்துபோய் இரவோடிரவாக யோசித்து, காலையில் கொண்டுவந்து போட்டுவிட்டான் என்று கதை முடிந்தது. போலீசுக்குப் போக வேண்டாம் என்று முதலாளி பெருந்தன்மை காட்டினார். இனி அந்த வண்டிக்கு லோடு கிடையாது என்று மட்டும் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஹார்பர் வட்டாரத்தில் எல்லா குடோனுக்கும் செய்தி போய்விட்டது.

சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணாச்சி எதையும் கொண்டுவரல சார். ஒங்களுக்கே தெரியும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவு ஒம் பேர்ல இருக்கு. நீ போய் பொய்யின்னு சொன்னா, பொய் பதிஞ்சவ யாருன்னு கேப்பாங்க. சிஸ்டம் பொய் சொல்லாதுளா" என்றார். வேலை போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அப்பா அப்போது வலையோடு விழுந்து இடுப்பொடிந்து வீட்டில் கிடந்தார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவருடைய கையெழுத்தில் அந்த உத்தரவு இருக்கிறது, என்றைக்காவது அவரை மாட்டி வைக்க உதவும் என்று நினைத்தேன். அந்த என்றைக்காவது வரவேயில்லை. சார் பதவி உயர்ந்து தலைமை அலுவலகம் போனார். அவருடைய நாற்காலிக்கு நான் வந்தேன், அதுவும் அவர் சிபாரிசில்.

இத்தனை வருடமும் அவரை வெறுப்பதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கன்னை அமைத்துக் கொடுக்கும்போது ஆளுக்கொரு லாகின் கொடுக்கிறேன். குரலைக் குறைத்து வைத்து, நடந்து எண்ணச் சொல்கிறேன். அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் நேர் எதிராகச் செய்வதே எனக்கு ஒரு பழிவாங்கலாக இருந்தது. மலருக்கு எழுதக் கேட்டு போன் வந்த வாரம், மாதா கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாரைப் பற்றித்தான் கொட்டித் தீர்த்தேன். சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "அவரு பாவத்த அவரு சொல்லட்டும். ஒம்பாவத்த நீ இன்னும் சொல்லலியே" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு ஓட்டப்பிடாரம் போனேன். அண்ணாச்சி லாரியை விற்று வெகுநாளாகிறது, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, மனைவியிடம் காப்பி போடச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அட்டையை அவர் கையில் கொடுத்து, அவன் எழுதியதைப் பாருங்கள் என்றேன். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். அவர் மனைவி காப்பியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது அன்னைக்கே ஒங்கையிலதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"எட்டு பேலையும் கண்ணால பாத்த பெறவும்?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அட்டையை என்னிடமே நீட்டினார். "சார நான் ரெண்டு தடவைக்கு மேல பாத்ததில்ல. அவரு மூஞ்சிகூட எனக்கு நெனவில்ல. ஒன்னைத்தான் நான் தங்கச்சின்னு கூப்பிட்டேன்" என்றார். பிறகு பைப்பைத் திறந்து வேனின் சக்கரத்தைக் கழுவ ஆரம்பித்தார். காப்பியை அந்த அம்மா உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

மலருக்கான பக்கத்தை இங்கே முடிக்கிறேன். திங்கட்கிழமை முதலாளியிடம் இதன் பிரதி ஒன்றையும் அட்டையையும் கொடுக்கப்போகிறேன். எட்டு பேல்களின் பதிவு இன்னும் சிஸ்டத்தில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். 'லாரியில் திரும்பி வந்தவை. பதிவு செய்தவர்:' என்று போட்டு, அதன் பக்கத்தில் என் பெயர். அந்த வரியைச் சார் பொய்யாகப் பதிந்தார் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பெயரை வாசிக்கும்போது, அதில் தப்பொன்றும் தெரியவில்லை.