மாத்திரை வரும்வரை வண்டி நகராது

எங்கள் அலுவலக வண்டியின் ஓட்டுநரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவோம். காலியான சாலையிலும் யாருக்கோ வழிவிடுகிறவர் மாதிரி ஓட்டுவார். “போற ஊரு எந்திரிச்சு ஓடியா போயிடும்?” என்பார். அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்குக் காலையில் வண்டியை விரட்டு விரட்டென்று விரட்டினார். காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

எச்.ஐ.வி. தடுப்புக்கும் சிகிச்சைக்கும் நாடு முழுமைக்கும் ஒரு திட்டம் எழுதும் குழு எங்களுடையது. தலைவராக மேடம், கூட ஒரு கணக்கு அதிகாரி, பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்ய நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திட்டத்தில் என் விரல் பட்ட வரிகள் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அது நிதானத்துக்கும் தெரியும். “பட்டதாரி, பெல்ட்டைப் போடு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க ஊரே திரண்டு வந்து என் சட்டையைப் பிடிக்கும்” என்று சீண்டுவார்.

ஊர் ஊராகப் போய், நோயாளிகளிடமும் மருத்துவர்களிடமும் கேட்டு எழுதுவது எங்கள் முறை. ஒரு வாரத்தில் முடிய வேண்டிய பயணம். மேடம் ஊர்களைச் சேர்க்கச் சேர்க்க அனுமார் வாலாக நீண்டுவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் நிதானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, எனக்கு வேண்டிய பையன் ஒருத்தன் லாரி ஓட்டுறான். எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுறவன். போன இடத்துல தீரப்போகுது. வேற ஊரு மையத்துல குடுப்பாங்களா?”

எனக்கு விதி மனப்பாடம். “குடுக்க மாட்டாங்கண்ணே. பதிஞ்ச மையத்துலதான் வாங்கணும். இல்லன்னா அங்கேருந்து அனுமதி வரணும். இதை மாத்தணும்னுகூட நம்ம திட்டத்துல…” என்று ஆரம்பித்தேன். அவர் குடிக்காத டீயைப் பெஞ்சில் வைத்ததைப் பார்த்து நிறுத்தினேன்.

“எப்பண்ணே தீருது?”

“இன்னைக்கு ராத்திரிக்கு ஒண்ணு இருக்கு.”

அதற்குமேல் அந்தப் பையனைப் பற்றிப் பேச்சு இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பானர் பையைத் திறந்து காட்டினார். லேபிளைக் கிழித்த டப்பா. மாத்திரை குலுங்கிச் சத்தம் போடாதிருக்க உள்ளே பஞ்சு. லாரி ஓட்டிய காலத்தில் வந்த நோய். மனைவிக்கு விஷயம் தெரியும், அந்த அம்மாவுக்குத் தொற்று இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகளுக்குத் தெரியாது.

“ஒருநாள்கூட விட்டதில்ல தம்பி. மச்சினன் கல்யாணத்தையே மறந்து வாங்கிக் கட்டிக்கிட்டேன், இதை மறந்ததில்ல.”

“மேடம்கிட்ட சொல்லிடலாமேண்ணே?”

“நான் காண்ட்ராக்ட் ஆளு. வண்டி முதலாளி காதுக்குப் போச்சுன்னா மறுநாளே வேற டிரைவர். அப்புறம் வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?”

அதனால்தான் காலையில் அந்த விரட்டல். எங்கள் கூட்டம் நடக்கும் ஆஸ்பத்திரியிலேயே மருந்து மையமும் இருந்தது. எங்களை இறக்கிவிட்டு, நாங்கள் கூட்டத்தில் இருக்கும்போதே கெஞ்சிக் கூத்தாடியாவது வாங்கிவிடுவது என்று போனார்.

நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், மனசு அங்கே இல்லை. பாதியிலேயே மேடம் எழுந்தார். “வாங்க, மையத்தைப் பார்த்துடுவோம்.”

“மேடம், இந்தப் பகுதியை இன்னொரு தடவை…” என்று இழுத்தேன்.

“அப்புறம் பார்க்கலாம்ப்பா.”

மையத்தில் வரிசையின் முதல் ஆளாக நிதானம் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் அவரிடம், “உங்க மையத்துக்குப் போன் போட்டிருக்கேன். அனுமதி வர சாயங்காலம் ஆகும். உக்காருங்க” என்று சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

மேடத்துக்கு அப்போதும் பிடிபடவில்லை. “நீங்க இங்க என்ன பண்றீங்க? மத்தியானம் கிளம்பணுமே, டீசல் போட்டாச்சா?”

“நான்தான் மேடம் அவரை ஒரு வேலையா…” என்று புளுக ஆரம்பித்தேன். நிதானம் கையமர்த்தினார்.

“போட்டாச்சு மேடம். ஆனா மத்தியானம் வண்டி எடுக்க முடியாது. என் மாத்திரை வரணும். வந்தப்புறம் எடுக்கிறேன்.”

மேடம் அவரையே பார்த்தார். “சரி, சாயங்காலம் போகலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார்.

கணக்கு அதிகாரி என்னை வராந்தாவுக்கு இழுத்தார். “தப்பா நினைக்காதப்பா, வேற வண்டி சொல்லிடலாமா?”

“ஏன் சார்? இத்தனை நாள் எங்கேயாவது இடிச்சாரா?”

“அதில்ல… அவரு உடம்பு…”

எங்கள் திட்டத்தில் நோயாளிகளை யாரும் ஒதுக்கக் கூடாது என்ற பத்தி முழுக்க இந்த அதிகாரி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். யாரிடம் பேசினாரோ, சாயங்காலம் “எனக்கு ஒரு அவசர வேலை” என்று பஸ் ஏறிவிட்டார்.

மாத்திரை வந்தது. கிளம்பினோம். ஊர் எல்லையைத் தாண்டவில்லை, நிதானத்தின் போன் அடித்தது. முதலாளி.

“எடுக்கலையாண்ணே?”

“வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது.”

மணி நின்று மறுபடி அடித்தது. பின்சீட்டிலிருந்து மேடம், “யாரு, உங்க முதலாளியா? இங்க குடுங்க” என்றார். கொடுத்தேன். நிதானத்தின் கண் ரோட்டில், காது பின்சீட்டில்.

“ஆமா, நான்தான் பேசுறேன்… தெரியும்… இல்லைங்க, வேண்டாம். திட்டம் முடியிற வரைக்கும் எங்களுக்கு இவர்தான் வண்டி ஓட்டுவார்.” மேடம் போனை முன்னால் நீட்டிவிட்டுக் கோப்பைப் பிரித்தார்.

ஒரு மூச்சு விட்டார் நிதானம். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் சாய்ந்து, மேடத்துக்குக் கேட்காமல் கேட்டார்.

“தம்பி, இந்தத் திட்டம் எப்ப முடியும்?”