ஜான்சன் லைனில் ரூத்தம்மா

ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த மமதாவின் அலறல் கேட்டுத்தான் ஓடினேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண். ஆட்காட்டி விரலில் ஊசி இறங்கி, பாதி உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது.

நல்லூரில் துணி தைத்து அனுப்பும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெக்கானிக். எங்கள் ஃப்ளோரில் இரண்டு தையல் லைன். ஒன்றுக்கு சூப்பர்வைசர் ரூத்தம்மா, அவிநாசிபாளையத்துக்காரர். இன்னொன்றுக்கு ஜான்சன், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். இருவரும் ஒரே சர்ச். கொயரில் ஜான்சன் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும் என்று ரூத்தம்மா சிரிப்பார்.

ஃப்ளோர் இன்சார்ஜ் பதவி அப்போது காலி. “இந்த ஆர்டர்ல எந்த லைன் முந்துதோ, அவிங்களுக்குத்தானுங்க” என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜான்சன் நடப்பதையே விட்டுவிட்டார், ஓட்டம்தான். ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்கும் கார்டைக் கழற்றினால் வேகம் வரும், கழற்றித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். எனக்குத் தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவரே கழற்றியிருக்கிறார். அந்த மெஷின்தான் மமதாவுடையது.

“யாராவது ஹெல்ப்பரக் கூட்டிட்டுப் போச் சொல்லுங்கண்ணே. நான் போனா லைன் நின்னுரும்லா” என்றார் ஜான்சன். முகம் வெளுத்திருந்தது.

எதிர் லைனிலிருந்து ரூத்தம்மா எழுந்து வந்தார். மமதாவின் கையைத் தன் துப்பட்டாவால் சுற்றி, தோளோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வராமல் அந்த மெஷினை ஓட்டக் கூடாது என்பது எக்ஸ்போர்ட் விதி. ரூத்தம்மா, டாக்டர் எடுத்த துண்டைப் பஞ்சில் மடித்து, பிரசாதம் மாதிரி பத்திரமாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “எண்ணிப் பார்த்துக்குங்ணா, முழு ஊசியும் இருக்குதான்னு.”

அதற்குள் அவர் லைன் பின்தங்கிவிட்டது. முதலாளி எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். “லைனை விட்டுப்போட்டுப் போறதுக்கு ஆரு சொன்னதுங்க? உங்க லைன் ஆளா அது?”

“புள்ளை அழுதுச்சுங்க” என்றார் ரூத்தம்மா. டாய்லெட் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

மறுநாள் காலை மமதா வரவில்லை. நான் அந்த மெஷினில் கார்டை மாட்டி முடித்ததும் ரூத்தம்மா வந்து அதில் உட்கார்ந்தார்! சூப்பர்வைசர் ஆனவர் மறுபடி மெஷினில் உட்கார்ந்தால் மானம் போச்சு என்று நினைக்கிற தொழில் இது. அதுவும் போட்டி லைனில். முதுகு வலி தாங்காமல் மெஷின் வேலையை விட்டவர் வேறு.

“ஏனுங்க, உங்க லைன்?” என்றேன்.

“அங்க எல்லாரும் இருக்காங்க, ஓடிக்கும். இங்க ஆள் இல்லீங்க. நாம வேலையை முடிக்கலீன்னா, அந்தப் புள்ளையாலதான் லேட்டுன்னு பேசுவாங்க.”

“இப்படிக் கீழ இறங்கி வந்து...”

“எங்க சாமியே அத்தனை உசரத்துல இருந்து இறங்கி வந்தாருங்ணா. இந்த ஸ்டூலுக்கு இறங்கறதுல எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? முதுகுதான் கொஞ்சம் கத்துது.”

ஜான்சன் இதைக் கேட்டபடி தூணோரம் நின்றிருந்தார். பிறகு ரூத்தம்மாவின் காலடியில், தைக்க வெட்டி வைத்த கட் பீஸ் மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, டிரிம்மரை எடுத்து நூல் வெட்ட ஆரம்பித்தார். ஹெல்ப்பர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“மெதுவா வெட்டு சாமி, துணியைச் சேத்து வெட்டிப் போடாத” என்றார் ரூத்தம்மா. அவரும் சிரித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். இரண்டு லைனையும் சுற்றிப் பார்த்துவிட்டு, “சூப்பர்வைசருக ரெண்டு பேரும் எங்கீங்க போனாங்க?” என்று கத்தினார்.

“இங்கனதான் இருக்கோம் சார்” என்று மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தலை நீட்டினார் ஜான்சன். முடியெல்லாம் பஞ்சுத் தூசி. எழுந்து நின்றவர் அப்படியே சொல்லிவிட்டார். “கார்டக் கழட்டுனது நான்தான் சார். மெக்கானிக் அண்ணன் மேல தப்பில்ல. அக்காவ ஏசுனதெல்லாம் எனக்குச் சேர வேண்டியது.”

முதலாளிக்கு வந்த கோபத்தில் ஜான்சனுக்கு நல்ல திட்டு கிடைத்தது. ரூத்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் முதலாளி, “முதுகுக்கு ஒரு குஷன் வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ரூத்தம்மாவும் ஜான்சனும் பழம் வாங்கிக்கொண்டு மமதாவைப் பார்க்கப் போனார்கள். ஜான்சனுக்கு ஹிந்தி வராது. காதைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றாராம். கட்டுப் போட்ட விரலை ஆட்டி அவள் மிரட்டினாளாம். விரல் ஆறியதும் பழைய வேலைக்கே வந்துவிட்டாள்.

இன்சார்ஜ் பதவி? அது முதலாளியின் மச்சினனுக்குப் போனது. சேதி தெரிந்த அன்று டீ நேரத்தில் ரூத்தம்மாவும் ஜான்சனும் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியதுதான் மிச்சம்.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். கையைக் கட்டிக்கொண்டு ‘எனக்கென்னங்க தெரியும்’ என்று சொல்வதுதான் தாழ்மை என்று அதுவரை நினைத்திருந்தேன். ரூத்தம்மாவுக்கு எல்லாம் தெரியும், தன் தகுதியும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லைனில் ஒரு மெஷின் காலியாக இருந்தால், யார் லைன் என்று பார்க்காதீர்கள். போய் உட்காருங்கள்.