டெமோ படகை ஓட்டியது யார்?

இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன கப்பலா வாங்கப் போகிறீர்கள்? வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலைத்தீர்கள், சொல்கிறேன்.

ரேடியோ கம்பெனியில் சால்டரிங் செய்து ரிட்டயர் ஆனவள் நான். பக்கத்து வீட்டு ஜெனிபருக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. லீவு நாளில் பழைய டிவி கேம் பெட்டிக்குப் புதிதாக புரோகிராம் எழுதுவாள். அதை ஏற்றிய சிப்பை கேசட்டுக்குள் பற்றவைப்பது என் பொறுப்பு. முதல் நாளே சிப்பைத் திருப்பி வைத்துவிட்டேன். புகை வந்தது.

"இன்னா ஆயா, சாம்பிராணி போட்டுகினு கீறியா?" என்றாள்.

அவள் எழுதியதற்கு டெமோ என்று பெயர். விளையாட முடியாது, பார்க்கத்தான் முடியும். ஒரு படகு அலையில் ஏறி இறங்கி நாலு நிமிஷத்தில் தானாகத் துறைமுகம் சேரும். அந்த அலையை வளைக்கவே அவளுக்கு ஒரு வருஷம் ஆனது.

மாதா கோயில் திருவிழாவில் மேஜை போட்டோம். வந்தவர்கள் ஜாய்ஸ்டிக் எங்கே என்றார்கள். இல்லை என்றதும் பஜ்ஜிக் கடைக்கு நகர்ந்தார்கள். மத்தியானம்வரை ஒருவரும் முழுசாகப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரே ஒருத்தராவது பார்க்காவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பெட்டியைக் காயலான் கடையில் போடுவதாகச் சொன்னாள். முகத்தைப் பார்த்தால் செய்துவிடுவாள் போலிருந்தது.

அவள் டீ வாங்கப் போன நேரத்தில் ஒரு ஜாய்ஸ்டிக்கைச் சொருகினேன். கிரேன் ஓட்டும் அந்தோணி வந்தார்.

"ஓட்டத் தெரியுமா நைனா?"

"ஹார்பர்ல இவ்ளோ வருஷமா இன்னாத்த ஓட்டிகினு கீறேன் யக்கா?"

உட்கார்ந்தார். படகு சாய்ந்தபோதெல்லாம் அவரும் சாய்ந்தார். கரை சேர்ந்ததும் கூட்டம் கை தட்டியது. பின்னால் வரிசை நின்றது. அந்தோணி எல்லோருக்கும் எப்படித் திருப்ப வேண்டும் என்று பாடம் எடுத்தார்.

டீயோடு வந்த ஜெனிபர் என்னை முறைத்தாள். ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினாள். இதை யாரும் ஓட்ட முடியாது, தானாக ஓடும் என்று கூட்டத்திடம் போட்டு உடைத்துவிட்டாள். எல்லோரும் அந்தோணியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"கைய ஆட்டிகினு இருந்ததுல அலையவே பாக்கல பாப்பா. இன்னொருவாட்டி போடு. சொம்மா பாக்குறேன்."

கையைக் கட்டிக்கொண்டு நாலு நிமிஷமும் பார்த்தார். ஜெனிபர் எதையும் அழிக்கவில்லை. ஜனங்களைப் பார்க்கவைக்க வேண்டுமென்றால் முதலில் கைக்கு ஏதாவது கொடுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

மறுநாள் தண்ணி லாரி அருகே பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தோணி ஓட்டவில்லையென்றால் யார்தான் ஓட்டியது என்று கேட்டார்கள்.

"நான்தான்," என்றேன். "சிப்ப பத்தவெச்சது யாரு? அந்தோணிய சொம்மா குந்தவெச்சி இட்டுகினு போனேன்."