மன்னாருக்குப் போன கம்பளி

“ஒத்தையா ஒரு வீட்டத் தொறந்து வெச்சிக்கிட்டு ஒன்னால இருந்துற முடியுமா புள்ள?” என்று என் முன்னாள் கணவர் கேட்டது பதுளை நீதிமன்றப் படிகளில். விவாகரத்து முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். அவர் கேலியாகக் கேட்கவில்லை. மழை விடுமா என்று வானத்தைப் பார்த்துக் கேட்பதைப் போலக் கேட்டார். அன்று தூறிக்கொண்டுதான் இருந்தது. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள லொறியில் எப்போதும் வைத்திருக்கும் கறுப்புக் கம்பளியை எடுத்து வந்து என் தலைமேல் போட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். கம்பளி என்னிடமே தங்கிவிட்டது. கேள்வியும்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அவர் மகள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலைக்கு வந்தாள் என்பதை இன்றும் நான் தலை நிமிர்ந்தே சொல்வேன். என் கணவராக இருந்தவர் எனக்கு மாமா மகன். படித்த மருமகள் வேண்டுமென்று கேட்டு வந்த மாமா வீட்டார், வேலைக்குப் போகும் மருமகள் வேண்டாம் என்றார்கள். அவர் யார் பக்கமும் பேசாமல் நின்றார். அந்தப் பேசாமையிடமிருந்துதான் நான் விலகினேன். மற்றபடி எங்களுக்குள் பகை எதுவும் இல்லை.

மன்னார்ப் பக்கம் எனக்கு வேலை கிடைத்தபோது, சாமான்களை யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. அம்மா என்னைக் கேட்காமலே அவருக்குப் போன் எடுத்தார். நான் கோபப்பட்டதற்கு, “புருசன் இல்லாமப் போனா என்னா? எங்கண்ணன் மயன் இல்லாமப் போயிருவானா?” என்றார். அதற்கு நீதிமன்றத்திடமும் பதில் இருந்திருக்காது.

லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே விடியும்போதே லொறி வந்து நின்றது. எப்படியும் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிற லொறிதான். சாமான் ஏற்றுவதைப் பார்க்க லயமே வாசலுக்கு வந்துவிட்டது. “கட்டிக்கிட்டப்ப பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போனான், விட்டப்பொறகு லொறி கொண்டாந்திருக்கான் பாரு!” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, அவரும் சேர்ந்து சிரித்தார். புது வீட்டில் முதல் அடுப்பு புகையக் கூடாது என்று, அடுப்புக்கு மேல் பரணில் போட்டுக் காயவைத்த விறகை அம்மா கட்டுக்கட்டாக ஏற்றினார். குளிருக்கு என்று கம்பளியையும் மடித்து வைத்தார். “அங்க மரம் மொளைக்கையிலேயே காஞ்சுதான் மொளைக்கும் அத்த” என்றார் அவர். அம்மா நம்பவில்லை. விறகு ஈரமாக இல்லாத ஊரை அம்மா பார்த்ததில்லை.

பிபிலைப் பக்கம் இறங்கும்போது கண்ணாடியில் இருந்த பனி எங்கள் கண் முன்னாலேயே கரைந்து காணாமல் போனது. மலை ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை தெரிந்து மறைந்து, பிறகு ஒரு வளைவில் தெரியவே இல்லை. மகியங்கனையில் தேநீர் குடித்தோம். தம்புள்ளையில் மரக்கறி இறங்கிய பிறகு, வெற்று லொறியில் என் பானைகளும் விறகும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன. அனுராதபுரத்துக் குளங்களில் வானம் கிடந்தது. அதைக் கடந்து பாதை கயிறு பிடித்தாற்போல் நேராகியது. மலையில் வண்டி ஓட்டிப் பழகியவருக்குக் கண் சொருகியது. “வளைவே இல்லாத ரோட்டுல தூக்கம் வருது. எதையாச்சும் பேசிக்கிட்டே வா புள்ள.” எதைப் பேசுவது? என் வேலையைப் பற்றிப் பேசினேன். எந்த மாத்திரையை வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு வேளை தெரிய உறையில் எப்படிச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பேன் என்றெல்லாம். கல்யாணமாகியிருந்த காலத்தில் அவர் ஒருநாளும் கேட்காதவை. “சூரியனுக்குச் சிரிச்ச மூஞ்சியா வரைவ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெளியே பனைமரங்கள் வந்துகொண்டே இருந்தன. நாங்கள் போகிறோமா, அவை வருகின்றனவா என்று தெரியவில்லை.

தனி ஆளாக வரும் பெண்ணுக்கு வீட்டுக்கார அம்மா வீடு தரமாட்டார் என்று தரகர் முன்பே பயமுறுத்தியிருந்தார். நாங்கள் போய் இறங்கியபோது அந்த அம்மா வாசலில் பாலும் புதுப்பானையுமாக நின்றார். “வாங்கோ, ரெண்டு பேருமாச் சேர்ந்து பானையைப் பிடிச்சு அடுப்பில வையுங்கோ.” ஒரு சொல்லும் சொல்லாமல் பானையில் கை வைத்திருந்தால் போதும், வீடு கிடைத்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்து, “நான் மட்டும்தான் இருக்கப் போறேன்மா. நாங்க பிரிஞ்சிட்டோம்” என்றேன்.

என் பக்கத்தில் நின்றவர் பேசினார். “நான் இவங்க மாமா மகன், லொறிக்காரன். வீடு இவங்களுக்குத்தாங்க. நல்லா வெச்சிக்குவாங்க.” சொல்லிவிட்டு வாசல் கேற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார், லொறியிலிருந்த விறகைப் பார்த்தார், என் கையிலிருந்த கம்பளியைப் பார்த்தார். “இந்த வெயிலுக்குக் கம்பளியோ!” என்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “சரி, அப்ப நீயே ரெண்டு கையாலையும் பிடி பிள்ளை.”

அம்மாவின் விறகு புகையாமல் எரிந்தது. பால் பொங்கியதும் ஒரு டம்ளர் கேற்றுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியெல்லாம் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. அப்போதுதான் சின்ன வயதில் கூப்பிட்டது வாயில் வந்தது. “பாத்துப் போங்க மச்சான். தூக்கம் வந்தா நிப்பாட்டிப் படுங்க.” தலையாட்டிவிட்டு லொறியில் ஏறினார்.

கம்பளியைப் போர்த்தும் குளிர் இத்தனை வருடங்களில் இங்கே ஒருநாளும் வரவில்லை. அது பெட்டியின் அடியிலேயே கிடந்தது. இப்போது அதே தெருக் கோடியில் என் பெயரில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நேற்று அத்திவாரத்துக்குக் கொங்கிரீட் போட்டார்கள். இந்த வெயிலில் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும் என்றார் மேசன். சாக்கு போதவில்லை. இன்று காலை கம்பளியை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, மூலையில் மிஞ்சியிருந்த இடத்தில் விரித்தேன். நனைந்த கம்பளியிலிருந்து, பதுளையில் அன்று பெய்த மழையின் வாசனை எழுந்தது. காயும் முன் இன்னொரு வாளி ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.